அரிசி தின்ற பிள்ளைகள்

வடசென்னைக் கொடுங்கையூரில் நாங்கள் குடியிருந்த தெருவில் அரிசி தின்னாத பெண் பிள்ளை கிடையாது. எழுபதுகளின் கடைசி அது. ரேஷன் அரிசியை முறத்தில் கொட்டிக் கல் பொறுக்க உட்கார்ந்தால், கல் குப்பைக்கும் அரிசி வாய்க்குமாகப் போகும். "அரிசி தின்னாதடி, கண்ணாலத்தன்னிக்கு மழ கொட்டும்" என்று ஆயா முறத்தைப் பிடுங்கிக்கொள்வாள். அரிசி கிடைக்காவிட்டால் பல்பம். பல்பம் தீர்ந்தால் அடுப்புச் சாம்பல், விபூதி, சுவரிலிருந்து பெயர்ந்த காரை. முதல் மழை விழுந்து மண் வாசனை கிளம்பினால் எங்கள் தெருப் பெண்களுக்கு நாக்கில் நீர் ஊறும். அடித்துப் பார்த்தார்கள். வாயில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தார்கள். பூச்சி இருக்கிறது என்று விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். இந்தப் பிள்ளைகள் ஏன் இப்படித் தின்கிறார்கள் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

உடம்பில் இரும்புச்சத்து குறையும்போது, உணவல்லாததைத் தின்னும் ஆசை பலருக்கு வரும். அரிசி, மண், சாம்பல், சாக்பீஸ், ஐஸ் கட்டி என்று அது ஆளுக்கு ஆள் மாறும். இரும்புச்சத்து ஏறியதும் பெரும்பாலும் அந்த ஆசை தானாக விட்டுப்போகும். எங்கள் தெருவில் அடி வாங்கிய பிள்ளைகளிடம் இருந்தது கெட்ட பழக்கம் இல்லை, நோய். தெருவே சோகை பிடித்துக் கிடந்தது.

முத்தமிழ் நகர், கண்ணதாசன் நகர் என்று இன்று இண்டு இடுக்கில்லாமல் வீடுகளாகிவிட்ட பூமி அன்று பாதி சேறும் பாதி வெட்டவெளியும். கழிப்பறை உள்ள வீடுகள் குறைவு. விடிவதற்கு முன் பெண்கள் கூட்டமாகக் கால்வாய்ப் பக்கம் போவார்கள். யார் காலிலும் செருப்பு இருக்காது. கொக்கிப்புழுவின் குஞ்சு ஈர மண்ணிலிருந்து பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே போகும். சுற்றிச் சுற்றிக் கடைசியில் சிறுகுடலில் போய்க் கவ்விக்கொண்டு நாள்தோறும் ரத்தம் உறிஞ்சும். வருடக்கணக்கில் உறிஞ்சினாலும் வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாது. ஆள் மட்டும் வெளிறிக்கொண்டே போவாள்.

அந்த ஆள்தான் தெருவுக்குத் தண்ணீர் கொண்டு வருபவள். அடிபம்பில் வரிசை, கோடையில் பம்பு வற்றினால் லாரிக்கு வரிசை. இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு பக்கெட். அம்மா பாதி வழியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, நெஞ்சில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பாள். பக்கத்தில் நிற்கும் பெண்ணும் அதேபோல நிற்பாள். எல்லோரும் நிற்பதால் அது யாருக்கும் நோயாகத் தெரியவில்லை. "பொம்பளைன்னா அப்டித்தான்" என்பது அன்றைய விளக்கம். அந்த விளக்கத்தை இன்றும் கேட்கிறேன் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அம்மாவுக்கு ஏன் மூச்சு வாங்கியது? ரத்தச் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின்தான் நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு உடம்பெங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அது குறைந்தால், இருக்கிற கொஞ்சத்தையே வேகமாகச் சுற்றவிட இதயம் அடித்துக்கொள்கிறது. படபடப்பு, தலைசுற்றல், மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பு எல்லாம் அதனால். ஹீமோகுளோபின் உண்டாக இரும்பு வேண்டும். வளர்ந்த ஒருவர் உடம்பில் உள்ள மொத்த இரும்பும் சேர்ந்து ஒரு சின்ன ஆணி அளவுதான், 4 கிராமுக்குள். சிவப்பணு 120 நாள் வாழ்ந்து சாகும்போது அதிலிருக்கும் இரும்பை உடம்பு வீணாக்குவதில்லை, திரும்ப எடுத்துப் புது அணுவுக்குக் கொடுத்துவிடும். ரத்தம் வெளியே போனால்தான் நஷ்டம். 1 மில்லி ரத்தத்தோடு ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. மாதாமாதம் போகிறவளுக்கு, பிள்ளை பெறுகிறவளுக்கு, புழு உறிஞ்சுகிறவளுக்கு அந்த நஷ்டம் நிற்பதே இல்லை. ஒரு கர்ப்பத்துக்கு மட்டும் 1,000 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு கூடுதலாக வேண்டும். ஒன்றரை வருட இடைவெளியில் அடுத்தடுத்துப் பெற்ற எங்கள் அம்மாக்கள் அதை எங்கிருந்து கொண்டு வந்திருப்பார்கள்?

அன்றைய மனிதர்களுக்கு வைத்தியம் தெரியாமல் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடையில் முதல் ஆளாகப் போய் நிற்கச் சொல்வாள் ஆயா. புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியிலிருந்து கறி வந்து இறங்கும். வாங்க வேண்டியது கறி இல்லை, சுவரொட்டி. அதாவது மண்ணீரல், ஆட்டுக்கு ஒன்றே ஒன்றுதான். பிந்திப் போனால் கிடைக்காது. கருஞ்சிவப்பாக, உள்ளங்கை அகலத்தில், நாக்கு போல வழுவழுவென்று இருக்கும். ஆயா அதைக் கம்பியில் குத்தித் தணலில் திருப்பித் திருப்பி வாட்டுவாள். ஓரம் சுருண்டு ரத்தம் சீறும்போது உப்பும் மிளகுத்தூளும் தூவுவாள். ரத்தப் பொரியல் இன்னொரு நாள்: உறைந்த ஆட்டு ரத்தத்தை உதிர்த்து, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்த் துருவல் போட்டு வதக்குவது. இரும்புச்சத்துக்கு இவற்றை மிஞ்சிய உணவு குறைவு. மாமிசத்தில் உள்ள இரும்பைக் குடல் எளிதாக வாங்கிக்கொள்ளும். கீரையிலும் தானியத்திலும் உள்ளதை அவ்வளவு சுலபமாக வாங்காது. இதெல்லாம் ஆயா படித்ததில்லை. 'ரத்தம் ஊறும்' என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

வாட்டிய சுவரொட்டி யார் தட்டுக்குப் போனது? அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், அவருக்குப் பாதி. அண்ணன் ஓடியாடுகிற ஆண் பிள்ளை, அவனுக்குப் பாதி. அடுப்படியில் தட்டை நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது நானும் தங்கையும். அம்மா அதைக்கூடச் செய்யவில்லை. நாங்கள் வயதுக்கு வந்தபோது சில நாட்களுக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் கிடைத்தன. தலைக்குத் தண்ணீர் ஊற்றி மூலையிலிருந்து எழுந்ததும் அந்தக் கவனிப்பு நின்றுபோனது. மாதந்தோறும் ரத்தம் போகத் தொடங்கியதே அந்த நாளிலிருந்துதான்.

எதிர்வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நான் எட்டாவது படித்தபோது அவருக்கு நாலாவது பிரசவம். முகம் பழுத்த எலுமிச்சம்பழ நிறம், கால் இரண்டும் வீக்கம். நிறைமாதத்திலும் லாரித் தண்ணீர் பிடித்தார். "உனுக்கு ரத்தம் செத்துப்போச்சுடி" என்று ஆயா அவர் கண்ணிமையை இழுத்துப் பார்த்துச் சொன்னது நினைவிருக்கிறது. பிள்ளை பிறந்த பின் ரத்தப்போக்கு. நல்ல உடம்பாக இருந்தால் தாங்கியிருக்கும் அளவுதான் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். ரத்தம் வேண்டும் என்றதும் அவர் வீட்டுக்காரர் பாட்டிலுக்கு அலைந்தார். காசுக்கு ரத்தம் கொடுக்க ஆட்கள் இருந்த காலம். சோற்றுக்காக அடிக்கடி கொடுத்துக் கொடுத்துத் தாங்களே சோகை பிடித்துப்போன ஆட்கள் அவர்கள். அந்த வியாபாரம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 1998 ஜனவரி 1 முதல்தான் தடை செய்யப்பட்டது. அக்கா காலைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். "பிரசவத்துல போய்ட்டா" என்று தெரு சொன்னது. சோகையில் போனார் என்று ஒருவரும் சொல்லவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் அவருடைய குடத்தை எடுத்துக்கொண்டு அவர் மூத்த மகள் வரிசையில் நின்றாள். அவளுக்கு அப்போது பத்து வயது இருக்கும்.

ஆசிரியையாகச் சேர்ந்த பிறகு, ஒரு பயிற்சி வகுப்பில்தான் லூசி வில்ஸ் என்ற பெயரைக் கேட்டேன். இங்கிலாந்து டாக்டர். 1928ல் பம்பாய்க்கு வந்து, துணி ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளுக்கு ஏன் கடுமையான சோகை வருகிறது என்று ஆராய்ந்தவர். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் வேலை செய்திருக்கிறார். 1931ல் நம் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில், இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று பெயர் கொண்ட அதே இடத்தில், இருந்திருக்கிறார். அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். கிருமியில் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் அவர் சாப்பாட்டுத் தட்டில் தேடினார். மார்மைட் என்று ஒரு பசை, பீர் தயாரிப்பில் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்வது, மலிவானது. அதைக் கொடுத்ததும் சோகை இறங்கியது. அதில் இருந்த சத்து இன்னதென்று தெரியாமலே வில்ஸ் அதைக் கண்டுபிடித்திருந்தார். 1941ல் அமெரிக்காவில் 4 டன் பசலைக் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். இன்று கர்ப்பிணிகள் இரும்போடு சேர்த்து விழுங்கும் ஃபோலிக் அமிலம் அதுதான். கோஷா ஆஸ்பத்திரி எங்கள் தெருவிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். அங்கே 1931ல் நடந்த ஆராய்ச்சியின் பலன் எதிர்வீட்டு அக்காவின் கைக்கு ஐம்பது வருடம் கழித்தும் வந்து சேரவில்லை.

அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்வதற்கில்லை. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இரும்பு மாத்திரை கொடுக்கும் தேசியத் திட்டம் 1970லேயே தொடங்கிவிட்டது. மாத்திரை வீடு வரை வரும். 'புள்ள கருப்பா பொறக்கும்' என்று ஒரு பயம். 'வயித்துல புள்ள பெருத்துடும், பெத்துப் போட முடியாது' என்று இன்னொரு பயம். மலம் கருப்பாகப் போனதும் பயம் உறுதியாகிவிடும். மாத்திரை அடுப்புமேட்டுத் தகர டப்பாவில் போய்ச் சேரும். மலம் கருப்பது இந்த மாத்திரையின் இயல்பு, உறிஞ்சப்படாமல் மிஞ்சும் இரும்புதான் அந்த நிறம் என்று ஒரே ஒரு வரி யாராவது சொல்லியிருந்தால் பாதி மாத்திரை டப்பாவிலிருந்து வயிற்றுக்குப் போயிருக்கும்.

இப்போது எங்கள் பகுதியில் நடந்து போகும் தூரத்தில் மாநகராட்சி சுகாதார நிலையம் இருக்கிறது. விரலில் ஒரு குத்து, சில நிமிடத்தில் ஹீமோகுளோபின் எண் வந்துவிடும். 2018ல் வந்த 'ரத்தசோகை இல்லா பாரதம்' திட்டத்தில் மாத்திரைக்கு வயதுக்கு ஒரு நிறம்: சின்னப் பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு, பத்து வயதுக்கு மேல் பள்ளி மாணவர்களுக்கு வாரம் ஒரு நீலம், கர்ப்பிணிகளுக்குத் தினம் ஒரு சிவப்பு. சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும். வருடத்துக்கு இரண்டு முறை பள்ளியிலேயே குடற்புழு மாத்திரை. மாத்திரையால் ஏறாத கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனைகளிலேயே நரம்பில் இரும்பு ஊசி. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பில் உதவி, டானிக்கும் பேரீச்சம்பழமும் நெய்யும் உள்ள பெட்டகமும் அதில் அடக்கம். என் ஆயா கேட்டால் நம்பமாட்டாள்.

இத்தனைக்கும் பிறகு, தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் சோகை உள்ளவர்கள் 2015-16ல் 55 சதவீதம், 2019-21ல் 53.4 சதவீதம். இந்தியா முழுவதற்கும் அதே காலத்தில் 53.1லிருந்து 57க்கு ஏறியிருக்கிறது. ஒவ்வொரு பஸ்ஸிலும் மகளிர் இருக்கையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் ஒருவருக்கு இருக்கிறது. எங்கள் தெருவில் சர்க்கரை அளவு தெரியாத ஆள் இல்லை, சாப்பிடும் முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று திண்ணையில் ஒப்பித்துக்கொள்கிறார்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்டால் கடைசிப் பிரசவத்தில் பார்த்ததோடு சரி.

மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை என்பதை நான் வகுப்பறையில் பார்த்தேன். மதிய உணவுக்குப் பின் நீல மாத்திரை கொடுப்போம். ஆசிரியைகளும் கூடவே விழுங்கிக் காட்ட வேண்டும் என்பது திட்டத்தின் யோசனை, நல்ல யோசனை. சில பெண்கள் நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொள்வார்கள். மணி அடித்ததும் மதில் பக்கம் போய்த் துப்புவார்கள். மழைநீர்க் கால்வாய் ஓரத்தில் சிமெண்ட்டில் நீல நீலமாகக் கறை இருக்கும். திட்டினால் அடுத்த வாரமும் கறை இருக்கும். உட்கார வைத்துக் கேட்டபோது ஒரு பெண் சொன்னாள்: "மிஸ், காலைல ஒண்ணும் துன்றதில்ல, சத்துணவும் புடிக்காது, வெறும் வயித்துல போட்டா கொமட்டுது." அப்புறம் அந்தப் பிள்ளைகள் சாப்பிடும்வரை பக்கத்தில் உட்கார்ந்தேன். சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டவர்களுக்குக் குமட்டல் குறைந்தது, கறையும் குறைந்தது. இப்போது மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு வந்திருப்பது இந்த வகையிலும் பெரிய காரியம். காலைப் பிரேயரில் பொத்தென்று விழும் பிள்ளைகளை நான் வருடந்தோறும் தூக்கியிருக்கிறேன்.

ரேஷன் அரிசியிலும் சமீப வருடங்களில் இரும்பு கலந்து வந்திருக்கிறது. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி மணி போலவே அச்சில் வார்த்து, நூறு அரிசிக்கு ஒன்று என்ற கணக்கில் கலப்பது. ஒரு கிலோவுக்குக் குறைந்தது 28 மில்லிகிராம் இரும்பு. அந்த மணிகள் கொஞ்சம் வெளுத்து, களையும்போது சில மேலே மிதக்கும். 'பிளாஸ்டிக் அரிசி' என்று வாட்ஸ்அப்பில் வீடியோ சுற்றியது. போன மாதம் எதிர்வீட்டில், அந்த அக்காவின் பேத்தி, முறத்தில் அரிசியைப் பரப்பி ஒவ்வொரு வெள்ளை மணியாகப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தாள். நான் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அரை மணி நேரம் பேச வேண்டியிருந்தது. அந்த வீட்டில் அந்த மணி எறியப்படுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

என் அண்ணன் மகளுக்கு இருபத்தாறு வயது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ பிடித்து வேலைக்குப் போகிறாள். காலையில் டீயும் பன்னும், பதினொரு மணிக்கு டீ, மதியம் ஆப்பில் வரும் ஃப்ரைடு ரைஸ், நாலு மணிக்கு டீ. முடி கொட்டுகிறது என்று ஷாம்பூ மாற்றினாள். "டயர்டா இருக்கு அத்த" என்பாள், "யாருக்குடி டயர்டு இல்ல?" என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். ஒரு நாள் ஃப்ரிட்ஜைத் திறந்து ஐஸ் கட்டியை எடுத்துக் கடகடவென்று கடித்துத் தின்றுகொண்டிருந்தாள். தினமும் தின்பாளாம், ஒரு ட்ரே காலியாகும்வரை. மறுநாளே பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். 8.4. பெண்ணுக்கு 12க்குக் குறைந்தாலே சோகை, கர்ப்பிணிக்கு 11க்குக் குறைந்தால்.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி சாப்பாட்டைப் பற்றியது இல்லை. "பீரியட்ஸ் எத்தனை நாள்? ஒரு நாளைக்கு எத்தனை பேட்?" பத்து நாள், சில மாதம் அதற்கும் மேல். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவளும் அது எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள். அதற்குத் தனியே ஸ்கேனும் மருந்தும் எழுதினார். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலையைச் செய்யாமல் ஓட்டையை முதலில் தேடிய டாக்டரம்மா அவர். சோகை எல்லாமே இரும்புக் குறைவால் வருவதில்லை என்பதையும் அவர்தான் விளக்கினார்: மரக்கறி மட்டுமே சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம், சிலருக்குப் பிறவியிலேயே தலசீமியாக் கூறு இருக்கும், அவர்கள் தேவையில்லாமல் இரும்பு விழுங்கிக்கொண்டே இருப்பது நல்லதில்லை. ஆகவே சேமிப்பு இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்த்தார். அவளுக்கு அது அடிமட்டத்தில் இருந்தது.

மாத்திரையை எப்படிப் போடுவது என்பதற்கும் பாடம் உண்டு. டீயோடும் காபியோடும் போட்டால் அதிலுள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குடலுக்கு விடாது. சாப்பாட்டோடு குடிக்கும் டீயே உணவிலுள்ள இரும்பில் பாதிக்கு மேல் தடுத்துவிடும். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ வேண்டாம். கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வாயில் போடக் கூடாது, ஒன்று காலை என்றால் ஒன்று இரவு. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். ஜூரிக்கில் நடந்த ஆய்வுகளில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடம்பு அதிகமாக வாங்குகிறது என்று கண்டிருக்கிறார்கள். இன்று போட்ட மாத்திரை ஹெப்சிடின் என்ற ஹார்மோனைத் தூண்டி நாளைய வாசலைக் கொஞ்சம் மூடிவிடுகிறதாம். குமட்டல் தாங்காதவர்கள் மாத்திரையையே விட்டுவிடாமல் இதை டாக்டரிடம் கேட்கலாம். கர்ப்பிணிகள் மட்டும் சொன்னபடி தினமும்தான் போட வேண்டும். இன்னொன்று: இரும்பு மாத்திரையைச் சின்னக் குழந்தை மிட்டாய் என்று நினைத்து நிறைய விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. டப்பா எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

சாப்பாட்டில் எங்கள் வீட்டில் ஒரு பெரிய சண்டை நடந்தது. சோகை என்றதும் அண்ணி மாதுளையும் பீட்ரூட்டும் பேரீச்சம்பழமுமாக வாங்கிக் குவித்தாள். சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஆகும் என்ற நம்பிக்கை. 100 கிராம் பேரீச்சம்பழத்தில் இருப்பது 1 மில்லிகிராம் அளவு இரும்புதான், மாதுளையில் அதைவிடக் குறைவு. ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் உணவில் வேண்டும் என்கிறது ஐ.சி.எம்.ஆர்.; ஆணுக்கு 19 போதும். மாதுளை விலைக்கு ஈரலும் நெத்திலியும் எவ்வளவு வரும்! நெத்திலிக்குக் காசிமேடு பக்கத்திலேயே இருக்கிறது. புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் மாட்டுக்கறி தாராளமாகக் கிடைக்கிறது, சாப்பிடுகிற வீட்டுக்கு அதைவிட மலிவான இரும்பு இல்லை. மரக்கறிக்காரர்களுக்குக் கொண்டைக்கடலை, காராமணி, முருங்கைக்கீரை, கம்பு இருக்கின்றன, எலுமிச்சை பிழிந்து.

கூழை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் நொய் போட்டுக் காய்ச்சி, மோர் விட்டுக் கரைத்த கூழ். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. தானியத்தில் இரும்பைக் கட்டிப்போட்டிருக்கும் ஃபைட்டேட்டைப் புளிப்பு உடைக்கிறது, கருவாடு அந்த இரும்பை உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. வடசென்னை உழைப்பாளிகளின் காலை உணவு இது. இன்று ஆடி மாதக் கோயிலிலும் வெயில் காலத் தள்ளுவண்டியிலும் மிஞ்சி நிற்கிறது. வீட்டில் அந்த இடத்தை டீயும் பன்னும் பிடித்துக்கொண்டன. அம்மாவின் இரும்புச் சட்டியையும் பரணிலிருந்து இறக்கினேன். அதில் புளிக்குழம்பு கொதித்தால் சட்டியின் இரும்பே குழம்பில் இறங்கும். எத்தியோப்பியாவில் இரும்புப் பாத்திரத்தில் சமைத்துச் சாப்பிட்ட குழந்தைகளுக்குச் சோகை குறைந்ததை 1999ல் லான்செட் இதழில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் 8.4க்குச் சட்டியும் கீரையும் போதாது. அங்கே மாத்திரைதான் மருந்து, சாப்பாடு அதற்குத் துணை. இதை மாற்றிப் புரிந்துகொண்டு மாத்திரையைத் தூக்கிப் போட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

மூன்று மாதத்தில் அவளுக்கு 11.9 வந்தது. ஐஸ் ட்ரே நிரம்பியே கிடக்கிறது. "சரியாய்டுச்சே, நிறுத்திடட்டுமா அத்த?" என்றாள். ரத்தத்தில் ஏறிவிட்டது, சேமிப்பு இன்னும் நிரம்பவில்லை, மேலும் மூன்று மாதம் போடச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா.

அவளோடு சேர்த்து அண்ணியையும் இழுத்துக்கொண்டு போனேன். 9.1. "இந்த வயசுல அப்டித்தான் இருக்கும்" என்றாள். மாதவிலக்கு நின்று நாலைந்து வருடமானவளுக்கு அப்படி இருக்கக் கூடாது. ஆணுக்கோ, விலக்கு நின்ற பெண்ணுக்கோ இரும்புக் குறைவு என்றால் வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மூலத்தில் ரத்தம் போவதை வருடக்கணக்கில் வெட்கப்பட்டு மறைத்து, டானிக் குடித்தே காலம் தள்ளிய அப்பா எனக்கு நினைவுக்கு வந்தார். அண்ணி மூட்டுவலிக்காக மெடிக்கலில் தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரைமேல் டாக்டரம்மாவுக்குச் சந்தேகம். அதை நிறுத்தச் சொல்லிவிட்டு எண்டோஸ்கோப்பிக்கு எழுதிக் கொடுத்தார். எங்கள் ஆயா காலத்தில் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லப்பட்ட ஸ்டான்லியில் வரும் வாரம் செய்கிறார்கள். அண்ணன் அன்றைக்கு லீவு சொல்லிவிட்டான். முந்தின இரவுக்கு மேல் அண்ணி எதுவும் சாப்பிடக் கூடாது; காலையில் யாருக்கும் அடுப்பு பற்ற வைக்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறான்.